மூவாயிரத்துப் பன்னிரண்டு

ஆடை ஆலை மூடிய மறு ஆண்டு
மிசியே சின்னாப்பென் அதை வாங்கினார்.
ஆறு ஆர்ப்பான் கரும்புக்காடு விற்ற பணம்,
அதுவும் போதாமல் மைத்துனரின் லாரி.
தையல் எந்திரங்கள் போயிருந்தன.
அவை நின்ற இடங்களில்
நான்கு நான்காய் ஆணித் துளைகள்.
அந்தத் துளைகளின் மேல் மேசை போட்டோம்.
வாக்வா மழை தகரத்தில் இறங்கும்போது
கணக்கியல் ஆசிரியர் வட்டி என்று கத்துவார்,
கடைசி வரிசையில் பட்டி என்று விழும்.

பலகை எழுத வந்தவன்
எழுத்துக்கு இவ்வளவு என்றான்.
கொலேஜ் என்றால் ஏழெழுத்து,
யூனிவெர்சிதே என்றால் பத்து.
பத்தே போடு என்றார் மிசியே.
மூன்றெழுத்துக்காகத்தான் நிலத்தை விற்றேன்.

இரண்டாம் வாரம் ஆணையத்தின் கடிதம்:
அனுமதி வரும்வரை அந்தச் சொல் கூடாது.
நீலத் தார்ப்பாய் கட்டி மூடினோம்.
காற்றடித்தால் மட்டும்
நாங்கள் பல்கலைக்கழகம்.

நான் கட்டணச் சாளரத்தில் இருந்தேன்.
முதல் பருவம் முப்பத்தொரு பேர்,
பாதிப் பேர் சில்லறையாய்க் கட்டினார்கள்.
எங்கள் தீவின் நோட்டில் தமிழும் உண்டு.
எச்சில் தொட்டு எண்ணும்போது
நூறு ரூபாய், நூறு ரூபாய் என்று
விரலுக்கடியில் ஓடும்.
நாள் முழுக்க நான் படித்த தமிழ் அவ்வளவுதான்.

நூலகத்துக்கு மூவாயிரம் வேண்டும் என்றது விதி.
இருந்தது அறுநூற்று நாற்பது.
காவலர் ஜெரோமும் நானும்
வேன் எடுத்துக்கொண்டு வீடு வீடாய்ப் போனோம்.
பாதிரியார் நாற்பது தந்தார், ஒன்றும் கேட்கவில்லை.
கோவிலில் காவடிப் பாட்டுப் புத்தகம் தந்தார்கள்,
எப்போது திரும்பி வரும் என்று
வேன் கதவு மூடும்வரை கேட்டார்கள்.
கியூர்பீப்பில் ஒரு மருத்துவரின் மனைவி
கணவர் இறந்த அலமாரியை
அப்படியே தூக்கிக்கொள்ளச் சொன்னாள்.
அத்தனையும் பல் பற்றி.
ஆகவே எங்கள் மேலாண்மைத் துறையில்
பல் மருத்துவம் வலுவாக இருந்தது.

மூன்று பேர் வந்தார்கள்.
ஒருவர் ஒரு புத்தகத்தை உருவ
குதிரைப் பந்தயச் சீட்டு ஒன்று விழுந்தது.
குனிந்து எடுத்து வாசித்தார்.
இது ஜெயித்ததா?
தோற்றது, ஐயா, என்றார் மிசியே,
யாருடைய சீட்டு என்றே தெரியாமல்.
அவர் அதே பக்கத்தில் செருகிவிட்டு
எண்ணை மட்டும் குறித்துக்கொண்டார்: 3,012.

தார்ப்பாயை அவிழ்த்த நாளில்
அதில் தேங்கியிருந்த தண்ணீர்
மிசியேவின் கோட்டில் கொட்டியது.

இப்போது எபேனில் ஏழு மாடி, கண்ணாடி.
நேபாளத்துப் பையன்கள், கொங்கோப் பெண்கள்,
மடகாஸ்கரிலிருந்து வருடம் ஐம்பது பேர்.
கட்டணம் கைபேசியில் வந்துவிடுகிறது,
நோட்டைத் தொட்டு நாளாகிறது.
ஊழியர் பிள்ளைக்கு இருபது விழுக்காடு தள்ளுபடி.
மிச்சம் எண்பது.
என் மகள் ரெதுயியில் படித்தாள்.

போன செவ்வாய் கோவிலிலிருந்து
முத்தியேன் வந்தார்.
புத்தகம் கேட்டார்.
கீழ்த்தளத்தில், பற்களுக்குப் பின்னால் இருந்தது.
கடைசித் தாளில் பத்தொன்பது முத்திரைகள்,
ஒன்பது ஒரே பெயருக்கு:
ஹனித்ரா, மடகாஸ்கர், கணக்கியல்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
தடித்த புத்தகம்.
விடுதி மேசைக்கால் ஆடியிருக்கலாம்.
வேறு ஏதாவதும் இருக்கலாம்.

பதினெட்டு வருடம் தாமதம், அபராதம் எவ்வளவு
என்றார் முத்தியேன், சிரிக்காமல்.
நாளுக்கு ஐந்து ரூபாய் எங்கள் விதி.
கை தானாகக் கணக்குப் போட்டது:
முப்பத்திரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது.
இப்போது சிரித்தார்.
ரசீது மட்டும் போதும் என்றார்.

கணினியில் அதற்குக் கட்டம் இல்லை.
இழுப்பறையின் அடியில்
ஆலைக் காலத்து ரசீதுப் புத்தகம் கிடந்தது.
பெற்றோம் என்ற சொல்லை அடித்து
மேலே கொடுத்தோம் என்று எழுதி
தேதி போட்டேன்.